ஜீனோவுக்கு ஒரு நல்ல கட்டுரை

கற்பனைப் பாத்திரங்களுக்குக் கலைக்களஞ்சியத்தில் என்ன வேலை என்று கேட்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் தமிழ்க் கலைக்களஞ்சியங்களின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நல்லது. யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் வெளியிட்ட அபிதான கோசமும், ஆ. சிங்காரவேலு முதலியாரின் நெடுங்கால உழைப்பில் 1910இல் வெளிவந்த அபிதான சிந்தாமணியும் புராண இதிகாசப் பாத்திரங்களால் நிரம்பியவை. காவியத்தில் பிறந்தவர்களுக்கு நம் முன்னோர் தாராளமாகவே இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே இடம் உண்டா என்பது கேள்வியன்று. எப்படி எழுதுவது என்பதே கேள்வி.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நல்லதண்ணியில் ஆசிரியராகப் பணிபுரியும் இளைஞர் ஒருவர், தமிழ் விக்கிப்பீடியாவுக்காகத் தாம் எழுதிய கட்டுரை வரைவொன்றை எனக்கு அனுப்பியிருந்தார். "ஐயா, செய்தி ஆசிரியராக இருந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்பது அவரது வேண்டுகோள். கட்டுரையின் பொருள் ஜீனோ.

ஜீனோவை அறியாத இளையவர்களுக்காகச் சில வரிகள். எழுத்தாளர் சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' என்ற தொடர்கதையை எழுதினார். கதை நிகழும் காலம் 2021, 2022. இந்தியா ஜீவா என்ற சர்வாதிகாரியின் கையில் இருக்கிறது. நிலா என்ற இளம் மனைவியின் கணவன் சிபி காணாமற் போகிறான். அவளுக்குத் துணையாக வந்து சேர்வது ஜீனோ என்ற இயந்திர நாய். கதை வளர வளர அந்த நாய் மனிதரைப் போலச் சிந்திக்கிறது, பேசுகிறது, நிலாவுக்கு வழி சொல்கிறது. 'மீண்டும் ஜீனோ' என்ற இரண்டாம் பாகமும் பின்னர் வந்தது. முதற்கதை தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பாயிற்று. தமிழ்த் தொலைக்காட்சியின் அறிவியற் புனைகதைப் பாத்திரங்களில் ஜீனோவுக்கு முன்வரிசையில் இடம் உண்டு என்பது என் எண்ணம்.

இனி வரைவுக்கு வருவோம். அன்போடு எழுதப்பட்ட வரைவு அது. குறை, அதில் அன்பு மட்டுமே இருந்தது.

முதலாவது, கட்டுரையின் முக்காற் பங்கு கதைச் சுருக்கம். ஜீனோ என்ன செய்தது, யாரிடம் என்ன சொன்னது என்று அது உயிருள்ள நாய் போலவே எழுதப்பட்டிருந்தது. பழைய அபிதானங்களின் வழி இதுதான். கதையில் நடந்ததை நடந்ததாகவே சொல்லிச் செல்லும் வழி. இன்றைய கலைக்களஞ்சியத்துக்கு அது போதாது. ஜீனோ ஓர் ஆக்கம். அதை ஆக்கியவர் யார், அவருடைய தொழில் என்ன, எந்த இதழில் எந்தத் திகதியில் முதல் அத்தியாயம் வந்தது, படம் வரைந்த ஓவியர் யார், தொலைக்காட்சியில் அதற்குக் குரல் கொடுத்தவர் யார், அந்த நாயை எவ்வாறு இயக்கினார்கள், அக்காலத்து விமர்சகர்கள் என்ன எழுதினார்கள் என்பவையே கட்டுரையின் உடல். கதைச் சுருக்கம் இரண்டு பந்தியில் முடிந்துவிட வேண்டும்.

சுஜாதா என்ற எஸ். ரங்கராஜன் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்தவர். இந்தியத் தேர்தல்களில் பயன்படும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். பகலில் இயந்திரங்களோடு வேலை செய்த ஒருவர் இரவில் இப்படியொரு இயந்திரத்தைக் கற்பனை செய்தார் என்ற செய்தி, பத்துப் பக்கக் கதைச் சுருக்கத்தைவிட வாசகனுக்குப் பயன் தரும். வரைவில் அது ஒரு வரியாகக்கூட இல்லை.

இரண்டாவது, நாவலும் தொலைக்காட்சித் தொடரும் வரைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒரு பாத்திரம் எழுத்தில் ஒன்றாகவும் திரையில் வேறொன்றாகவும் இருக்கும். எழுத்தில் ஜீனோவுக்கு உருவம் தருபவன் வாசகன். திரையில் அதைத் தருபவர்கள் தொழிற்கலைஞர்கள். இரண்டுக்கும் தனித்தனித் தலைப்புகள் வேண்டும்.

மூன்றாவது, அடைமொழிகள். 'உலகத் தரம் வாய்ந்த', 'தமிழர் நெஞ்சில் நீங்கா இடம்பெற்ற', 'ஈடு இணையற்ற' என்பன போன்ற தொடர்களை எண்ணினேன். பதினொன்று இருந்தன. பத்திரிகையில் இவற்றை வெட்டுவதற்கென்றே எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். விக்கிப்பீடியர் இதை நடுநிலை நோக்கு என்கிறார்கள். புகழ்ச்சி வேண்டாம் என்பதன்று. இன்ன விமர்சகர், இன்ன இதழில், இன்ன திகதியில் புகழ்ந்தார் என்று எழுதலாம். புகழ்வது கட்டுரை ஆசிரியரின் வேலையன்று. 2010இல் வெளிவந்த 'எந்திரன்' படத்தின் சிட்டிக்கு ஜீனோவே முன்னோடி என்று வரைவு ஒரே போடாகப் போட்டிருந்தது. சுஜாதா அப்படத்தின் எழுத்தில் பங்கு கொண்டவர் என்பது உண்மை. முன்னோடி என்பது கருத்து. கருத்துக்குச் சொந்தக்காரர் வேண்டும்.

நான்காவது, 'முடிவை நூலில் படித்து மகிழுங்கள்' என்று சுருக்கம் முடிந்திருந்தது. அது பதிப்பகத்தின் விளம்பரத்துக்குப் பொருந்தும். ஜீவா என்ற ஆட்சியாளர் உண்மையில் இரத்தமும் சதையுமான மனிதரே அல்லர், வெறும் முப்பரிமாண ஒளியுரு என்பதுதான் அக்கதையின் அச்சாணி. அதை மறைத்துவிட்டு ஜீனோவை எப்படி விளக்குவது? இயந்திர நாய் மனிதத்தன்மை பெறுகிறது, மனிதர்களை ஆள்பவரோ நிழலாகிப் போகிறார். இந்த எதிர்நிலை சொல்லப்பட்டால்தான் பாத்திரத்தின் பொருள் விளங்கும்.

ஐந்தாவதுதான் பெரிய குறை. சான்று ஒன்றுகூட இல்லை. 'அனைவரும் அறிந்ததே' என்பது மூன்று இடங்களில் வருகிறது. அனைவரும் அறிந்தது என்றால் கலைக்களஞ்சியமே தேவையில்லை.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டாம் என்று எழுதினேன். 'திகதி' என்பதைத் 'தேதி' என்று மாற்றுவதா என்று கேட்டிருந்தார். இரண்டும் தமிழ். யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் முன்னின்று 2003இல் தொடங்கி வளர்த்த தமிழ் விக்கிப்பீடியாவில் ஈழத்து வழக்குக்கு இடம் கேட்டு நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இவ்வளவு கண்டிப்பு ஓர் இயந்திர நாய்க்குத் தேவையா என்று சிலர் கேட்கலாம். தேவை என்பேன். ஆங்கிலத்தில் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியற் புனைகதைத் தொடரை பிபிசி 1963 முதல் ஒளிபரப்பியது. அதிலும் 1977இல் கே-9 என்ற இயந்திர நாய் ஒன்று வந்தது. அதைப் படைத்த இரு எழுத்தாளர்களின் பெயரும், குரல் கொடுத்த நடிகரின் பெயரும் இன்று எவருக்கும் நொடியில் கிடைக்கும். ஆனால் அதே தொடரின் 1960களின் அத்தியாயங்கள் பலவற்றின் ஒளிநாடாக்களை பிபிசியே அழித்துவிட்டது. இழந்த அத்தியாயங்களின் ஒலி இன்று இருப்பதற்குக் காரணம், வீட்டுத் தொலைக்காட்சியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவு செய்த இரசிகர்கள். பெரிய நிறுவனம் கைவிட்டதைச் சாதாரணப் பார்வையாளர்கள் காப்பாற்றினார்கள்.

நம் நிலைமையும் அதுதான். ஜீனோவைப் பற்றிய சான்றுகளைத் தேடுபொறியில் மட்டும் தேடினால் போதாது. தொடர்கதையைக் கிழித்தெடுத்துக் கோந்து பூசித் தைத்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. அட்டனிலும் மஸ்கெலியாவிலும் விகடன் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. சிகை அலங்கார நிலையத்து மேசையில் அட்டையில்லாமல் கிடந்த விகடன்களை நான் அறிவேன். அத்தகைய கட்டு ஒன்று எந்த லயத்தின் பரணிலாவது இருக்குமானால், அதன் ஒரு பக்கத்திலுள்ள இதழ்த் திகதியும் பக்க எண்ணும் என் வரைவுத் திருத்தம் முழுவதையும்விட மதிப்புள்ளவை. பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டாம். பதிப்புரிமை இருக்கிறது. திகதியும் பக்கமும் தலைப்பும் போதும்.

நல்லதண்ணிக்குச் செல்லும் வழியில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தைக் காணாமல் போக முடியாது. பழைய மஸ்கெலியா நகரம் அந்த நீருக்கு அடியில் கிடக்கிறது. வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய வழிபாட்டிடங்களின் சுவர்கள் வெளியே தெரிகின்றன. இளைஞர்கள் கைபேசியில் படம் எடுக்கிறார்கள். எந்தச் சுவர் எதற்குரியது என்று சொல்லத் தெரிந்த முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். நூலாயினும் நகராயினும், தெரிந்தவர் இருக்கும்போதே எழுதி வைப்பதுதான் புத்தி.

அறிவியற் புனைகதை இந்த மலைக்கு அந்நியமானதும் அன்று. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1979இல் வெளியிட்ட தமது நாவலில் பூமியிலிருந்து விண்ணுக்கு ஏறும் மின்தூக்கியை ஒரு மலையுச்சியில் நிறுவினார். அந்த மலைக்கு மாதிரி, நல்லதண்ணியிலிருந்து பக்தர்கள் படியேறும் 2,243 மீற்றர் உயரச் சிவனொளிபாதமலையே. சுஜாதா 2008 பெப்ரவரி 27இலும் கிளார்க் அதே ஆண்டு மார்ச் 19இலும் மறைந்தார்கள். எங்கள் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தமிழில் எழுதியிருந்தால் தெரியும்.

இன்று மாணவன் கைபேசியில் ஒரு பெயரைத் தட்டுகிறான். கிடைப்பதை அப்படியே ஒப்படையில் எழுதுகிறான். கேட்டதற்கு விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் விக்கிப்பீடியாவைப் படித்துக் கற்றவையே. பிழையாக எழுதினால் பிழை பெருகும். எழுதாமல் விட்டால், இல்லாததாகவே ஆகிவிடும். தமிழ் விக்கிப்பீடியா 2017இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைக் கடந்தபோது மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். இனி எண்ணிக்கையைவிடத் திருத்தத்துக்கே ஆள் வேண்டும். பத்திரிகையில் அச்சான பிழைக்கு மறுநாள் மூலையில் ஒரு வருத்தம் போடுவோம். இங்கே 'தொகு' என்ற பொத்தானை அழுத்தினால் போதும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும். இப்படியொரு வசதி எங்கள் ஆசிரிய பீடத்தில் இருந்ததில்லை.

மலையகத்தவர் ஏன் ஜீனோவுக்கு மெனக்கெட வேண்டும், சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' போன்ற நம் நாவல்களின் மாந்தர்களைப் பற்றி எழுதக் கூடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் விடை, இரண்டையும் எழுத வேண்டும் என்பதே. பலரும் படித்த ஒரு பாத்திரத்தில் கை பழகினால், சிலரே அறிந்த பாத்திரத்தைப் பிழையின்றி எழுதலாம். சான்று தேடும் பழக்கம் ஒருவருக்கு வந்துவிட்டால் அது எந்தப் பொருளுக்கும் உதவும்.

அந்த இளைஞர் வரைவைத் திருத்திக்கொண்டிருக்கிறார். பதினொரு அடைமொழிகளில் பத்துப் போய்விட்டன. மீதமுள்ள ஒன்றுக்காக என்னோடு வாதிட்டுக்கொண்டிருக்கிறார். ஓவியரின் பெயருக்கும் முதல் அத்தியாயம் வந்த திகதிக்கும் தொலைக்காட்சித் தொடரின் கலைஞர் விபரத்துக்கும் அச்சுச் சான்று தேவை. இதைப் படிக்கும் அன்பர்களில் எவரிடமேனும் அக்காலத்து விகடன் கட்டோ, தொடரைப் பற்றிய பத்திரிகைக் குறிப்போ இருந்தால், இதழின் பெயர், திகதி, பக்கம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அவரிடம் சேர்த்துவிடுகிறேன்.