வளைகுடாத் தமிழருக்கு ஒரு நாணயச் சங்கம்

அமீரகத்தில் 2009-ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள ஊதியப் பாதுகாப்பு முறையினால், கூலித் தொழிலாளியின் சம்பளமும் வங்கி அல்லது நாணய மாற்று நிலையத்தின் வழியாகவே வந்து சேர்கிறது என்பது பெரிதும் பாராட்டத்தக்க சீர்திருத்தம்; ஆயினும், சம்பளம் வங்கி வழியே வருவதனால் மட்டும் ஆபத்துக் காலத்தில் அந்த வங்கி அவனுக்குச் சகாயம் செய்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. தனிநபர் கடன் மாதச் சம்பளத்தின் 20 மடங்கையும், தவணை வருமானத்தில் பாதியையும், காலம் 48 மாதங்களையும் தாண்டலாகாது என்று அந்நாட்டு மத்திய வங்கி 2011-இல் வகுத்தவை கடனாளியைக் காக்கும் நியாயமான விதிகளே. ஆனால் 1,000 திர்ஹம் சம்பளக்காரன் ஒருவன், தகப்பனாரின் வைத்தியச் செலவுக்காக 3,000 திர்ஹம் கேட்டு நிற்கும்போது, அத்தனை சிறிய கடனைக் கொடுத்து வசூலிப்பதில், பங்குதாரர்களுக்கு ஆதாயம் தேடும் ஒரு ஸ்தாபனத்துக்கு என்ன சிரத்தை இருக்க முடியும்?

ஆகவே அவன் சீட்டுக்குப் போகிறான். துபாயின் சோனாப்பூரிலும் அல்கூஸிலும் உள்ள தொழிலாளர் முகாம்களில், 10 பேர் கூடி, ஆளுக்கு மாதம் 300 திர்ஹம் போட்டு, குலுக்கலில் பெயர் வந்தவனுக்கு மொத்தத்தையும் கொடுக்கிற ஏற்பாட்டில் வட்டியில்லை, ஜாமீன் இல்லை. ஒரே ஊர்க்காரன், ஒரே அறைக்காரன் என்ற நம்பிக்கை ஒன்றே ஆதாரம். அந்த நம்பிக்கையை நான் மிக உயர்ந்ததாகவே மதிக்கிறேன். எனினும், முதல் மாதமே சீட்டை எடுத்தவன் விசா ரத்தாகி ஊர் திரும்பிவிட்டால், மற்றவர்கள் எந்த நீதிமன்றத்தின் படியேறுவது? உரிமமின்றிப் பணம் திரட்டுவதே அங்கே குற்றமாகக் கருதப்படக் கூடுமாதலால், முறையிடப் போனவனே சங்கடத்தில் சிக்க நேரலாம்.

இதே நம்பிக்கை சட்டத்தின் காவலையும் பெற்று நிற்பதுதான், அங்கத்தினரின் சேமிப்பைத் திரட்டி அவர்களுக்கே கடன் கொடுக்கும் கூட்டுறவு நாணயச் சங்கம். சென்னை ராஜதானியின் அதிகாரியாயிருந்த பிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மானியக் கிராமங்களில் ரைபைசன் தோற்றுவித்த சங்கங்களை ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பிக்க, அதையொட்டி எழுந்த விவாதங்களின் முடிவில் 1904-இல் இந்தியாவில் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் ஒரு சங்கம் பதிவாயிற்று. வங்கியில் பணம் போடுகிறவன் வாடிக்கையாளன். சங்கத்திலோ அவன் உடைமையாளன். ஒரு பங்கு வைத்திருப்பவனுக்கும் நூறு பங்கு வைத்திருப்பவனுக்கும் வாக்கு ஒன்றே. லாபத்தில் ஒரு பகுதி சேமநிதிக்குப் போக, மிச்சம் அங்கத்தினருக்கே பயன்படுகிறது.

ஆனால் தணிக்கை தளர்ந்த சங்கம் வங்கியைக் காட்டிலும் அபாயகரமானது. கேரளத்தின் கருவன்னூர் கூட்டுறவு வங்கி என்னும் சங்கத்தில் 2021-இல் வெளிப்பட்ட மோசடியினால், வாழ்நாள் சேமிப்பை எடுக்க இயலாமல் தவித்தவர்களை நாம் மறக்கலாகாது. இந்தியாவில் வங்கி வைப்புக்குள்ள 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு தொடக்க நிலைச் சங்கங்களின் வைப்புக்குக் கிடையாது என்பதையும் அறிந்தே அங்கே பணம் போட வேண்டும்.

இத்தகைய சங்கம் வளைகுடாவிலேயே அமையலாகாதா என்றால், குவைத்தில் 1962-இன் சட்டப்படி வளர்ந்த கூட்டுறவுப் பண்டகசாலைகள் பகுதிதோறும் செழித்திருந்தும், அங்கத்தினர் உரிமை அந்நாட்டுப் பிரஜைகளுக்கே உரியது. ஆதலால் பிழைக்கப் போனவனுக்கான சங்கம் அவன் தாய்நாட்டில்தான் அமைய வேண்டும். கேரள அரசின் கே.எஸ்.எஃப்.இ. நிறுவனம் 2018-இல் பிரவாசி சிட்டி என்னும் சீட்டைத் தொடங்கி, அமீரகத்திலிருந்தபடியே இணையவழியில் சீட்டுக் கட்ட வழி செய்தது. அது கூட்டுறவுச் சங்கம் அன்றாயினும், சட்டத்தின் காவல் அதற்கு உண்டு. தமிழக அரசிடம் அயலகத் தமிழர் நலனுக்கென ஒரு துறையும், நீண்ட அனுபவமுள்ள கூட்டுறவுத் துறையும் இருக்கின்றன. இவ்விரண்டும் இணைந்து, வளைகுடாத் தொழிலாளரே அங்கத்தினராகி வாக்களிக்கத்தக்க ஒரு நாணயச் சங்கத்தை, கடுமையான தணிக்கையோடும் வைப்புக் காப்பீட்டோடும் தாமதமின்றித் தோற்றுவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.