கொடு, தா, ஈ... ஃபார்வேர்ட்!

"அந்தக் குழம்பை இப்படித் தள்ளு." "சாவியை அண்ணன்கிட்ட நீட்டு." "ஆயிரம் ரூபா கைமாத்தா குடு, ஒண்ணாந்தேதி தந்துடறேன்." "பத்திரிகையை நேர்ல கொண்டுபோய்ச் சேர்த்துடு." "விஷயத்தை அப்பா காதுல போட்டு வை."

ஒரு பொருளோ, ஒரு சேதியோ கை மாறுவதற்கு ஒரே வீட்டில், ஒரே காலைப்பொழுதில் இத்தனை சொற்கள் புழங்குகின்றன. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் சரிவராது. கைமாற்று என்றால் வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, முகத்தை நம்பித்தான் பணம். அதையே 'கடன்' என்று சொல்லிவிட்டால் கேட்டவர் முகம் சுருங்கிவிடும்.

இந்த வேறுபாட்டைத் தொல்காப்பியரே கவனித்திருக்கிறார். ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் கேட்கிற சொற்கள்தான். ஆனால், யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும் என்கிறார். கேட்பவர் தாழ்ந்தவரானால் 'ஈ', சமமானவரானால் 'தா', உயர்ந்தவரானால் 'கொடு'. இன்று முதலாளியும் தொழிலாளியும் 'குடுங்க' என்றே கேட்டுக்கொள்கிறார்கள். அந்த ஏணி உடைந்ததில் யாருக்கும் நஷ்டமில்லை! 'ஈ' மட்டும் பேச்சிலிருந்து விலகி, வகுத்தல் கணக்கின் ஈவிலும் பங்குச் சந்தையின் ஈவுத்தொகையிலும் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர் சொன்ன இன்னொரு வேறுபாடு இதைவிட அழகானது. எனக்கோ உனக்கோ வருவது 'தருவது'. வேறொருவருக்குப் போவது 'கொடுப்பது'. அதாவது, தருவது வருவதோடு சேரும். கொடுப்பது செல்வதோடு சேரும். தமிழ்நாட்டுப் பேச்சில் இந்தக் கோடு அழிந்தே போய்விட்டது. ஆனால், மலையாளத்தில் இன்றும் 'எனக்குத் தா', 'அவனுக்குக் கொடு' என்பதுதான் முறை. மாற்றிச் சொன்னால் ஆள் வெளியூர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பொருளுக்கும் சேதிக்கும் ஒரே சொல்லாக நிற்பவையும் உண்டு. கன்னியாகுமரிப் பக்கம் பந்தியில் சோறு 'விளம்பு'வார்கள். பழைய இலக்கியத்திலோ விளம்புவது என்றால் சொல்வது. பரிமாறுவதும் அப்படித்தான். இலையில் சாதம் பரிமாறலாம், கருத்தையும் பரிமாறலாம்.

'கொடு' இருக்கிறதே, அது பெரிய கில்லாடி. சொல்லிக் கொடுத்தால் ஆசிரியர். போட்டுக் கொடுத்தால் அலுவலகத்தில் ஒரு ஜென்ம விரோதி. காட்டிக் கொடுத்தால் துரோகி. மூன்றிலும் நடப்பது ஒன்றே: ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குப் போகிறது. ஆனால், போன விதம் நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பையும் தமிழ் அந்தச் சொல்லுக்குள்ளேயே எழுதிவிடுகிறது. வத்தி வைப்பது, கொளுத்திப் போடுவது, கிளப்பி விடுவது, கோள் மூட்டுவது... வதந்திக்கான சொற்களில் எவ்வளவு நெருப்பு வாசனை, பாருங்கள்!

மரணச் சேதிக்கு இன்னும் கனமான முறை இருந்தது. தென்மாவட்டங்களில் 'கேதம் சொல்வது' என்பார்கள். ஆள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அந்த வேலையைப் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் தலையில் கட்டி, வெயிலில் ஊர் ஊராக நடக்கவிட்டதையும் மறைக்க முடியாது. பிறகு தந்தி வந்தது. தந்தி என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். 2013 ஜூலையில் அந்தச் சேவையும் முடிந்தது.

இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டே சொற்கள்: பகிர், ஃபார்வேர்ட். பகிர்வது என்றால் பங்கிடுவது. ஒரு தோசையைப் பகிர்ந்தால் தட்டில் பாதிதான் மிஞ்சும். அந்த இழப்பில்தான் அன்பு இருந்தது. வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் எதுவும் குறைவதில்லை. அதனால்தானோ என்னவோ, யோசிக்காமல் அள்ளி வீச முடிகிறது.

ஃபார்வேர்டில் காணாமல்போனது இன்னொன்றும் இருக்கிறது. 'ஆம்' என்கிற ஒரு சின்ன ஒட்டு. 'அவன் வந்தான்' என்றால், சொல்பவருக்கு அது உறுதி. 'வந்தானாம்' என்றால், யாரோ சொல்லக் கேட்டது. பொய்யும் சொல்லவில்லை, உத்தரவாதமும் தரவில்லை. 'இந்தக் கஷாயத்தில் சர்க்கரை நோய் குணமாகும்' என்று போனில் வந்ததை, பாட்டி பக்கத்து வீட்டில் சொல்லும்போது 'குணமாகுமாம்' என்றுதான் சொல்வார். அதையே பேரன் பத்துப் பேருக்குத் தட்டிவிடும்போது, 'குணமாகும்' என்றே போய்ச் சேர்கிறது.

2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் நடமாடுகிறது என்ற செய்தி வடமாவட்டங்களின் போன்களில் சுற்றிக்கொண்டிருந்தது. 'நடமாடுகிறதாம்' என்று அல்ல, 'நடமாடுகிறது' என்றே. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குப் போகும் வழியில் காரை நிறுத்தியது ஒரு குடும்பம். அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். கூடிய கூட்டம் அவர்களை அடித்தது. 60 வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி இறந்தே போனார். அவர் செய்தது கொடுத்தல். அவரைக் கொன்ற கூட்டத்தைத் திரட்டியதும் கையிலிருந்து கைக்குக் கொடுக்கப்பட்ட ஒரு சேதி.

இந்தியாவில் இப்படிச் சில கொலைகள் நடந்த பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப், இன்னொருவரிடமிருந்து வந்து அனுப்பப்படும் செய்திகளின் தலையில் ஓர் அம்புக்குறியோடு அடையாளம் போட்டது. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோதான் அனுப்பலாம் என்று இங்கே கட்டுப்பாடும் வந்தது. 2019இல் அது உலகத்துக்கே பொதுவானது. பலமுறை கை மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறியும் சேர்ந்தது. கொரோனா புரளிகள் பெருகிய 2020 ஏப்ரலில், அந்த இரட்டை அம்புச் செய்திகளை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இறுக்கினார்கள்.

'சொன்னாங்களாம்' என்று பாட்டி ஒரே ஒட்டில் முடித்ததைத்தான் அந்த இரண்டு அம்புகளும் சொல்லப் பார்க்கின்றன. ஆனால், பாட்டியிடம் "யார் சொன்னா?" என்று திருப்பிக் கேட்கலாம். "மேலத்தெரு சின்னக்கா" என்று ஒரு பெயராவது வரும்.