பழைய இரும்புக்குக் காசு போட்ட வாத்தியார் எழுதுவது

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு காதுகுத்து விருந்தில் நெருங்கிய உறவினர் ஒருவர் நாலு பேர் கேட்கச் சொன்னார்: "மாமா ரிட்டயர்டு பணத்தை ஆசாரிப் பட்டறையில பழைய இரும்புக்குப் போட்டுட்டாரு. ரெடிமேடா வாங்கினா ஒரே நாள் வேலை." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். பந்தியில் சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த ஒருவன் மரப்பட்டறை வைத்திருக்கிறான். அவனும், டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த அவன் மகனும், எடுபிடியாக நானும் சேர்ந்து எட்டு மாதத்தில் ஒரு சிஎன்சி ரவுட்டர் செய்தோம். எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டை முழுதாகப் படுக்க வைத்தால், கம்ப்யூட்டரில் வரைந்தபடி வெட்டும், குடையும். செலவு, கடையில் சொன்ன விலையில் ஏறக்குறைய பாதி. அதில் ஒரு பங்கை நான் கடனாகக் கொடுத்தேன். மாதாமாதம் திருப்பித் தருகிறான்.

நாளைக்கே ஆர்டர் முடிக்க வேண்டியவர் மெஷினை வாங்கட்டும். அதில் தப்பே இல்லை. ஆனால் வாங்கிய மெஷின் நின்றுவிட்டால் கம்பெனி ஆள் வரும்வரை கைகட்டி உட்கார வேண்டும். எங்கள் மெஷின் நின்றால் எந்த ஒயர், எந்த நட்டு என்று அந்தப் பையனுக்குத் தெரியும். எட்டு மாதத்தில் நாங்கள் சம்பாதித்தது அதைத்தான்.

முதல் ஃபிரேமை ஒரே மூச்சில் வெல்டிங் வைத்தோம். சூட்டில் இரும்பு இழுத்துக்கொண்டு கோணிவிட்டது. அறுத்துப் போட்டு, மூலைக்கு மூலை மாற்றி மாற்றிப் பொட்டு வைத்து மறுபடி செய்தோம். சதுரமாக இருக்கிறதா என்று எப்படிப் பார்த்தோம்? வேறென்ன, எட்டாம் வகுப்புப் பித்தாகரஸ் தேற்றம்தான். 1220க்கு 2440 என்றால் மூலைவிட்டம் 2728 மில்லிமீட்டர். இரண்டு மூலைவிட்டமும் அதே அளவு வரும்வரை தட்டிக்கொண்டே இருந்தோம்.

நீளவாக்கில் ஸ்குரூ போடலாம் என்றேன். பையன் வேண்டாம் என்றான். அவ்வளவு நீள ஸ்குரூவை வேகமாகச் சுற்றினால், ஸ்கிப்பிங் கயிறு மாதிரி நடுவில் துள்ளுமாம். அதனால் பல்சட்டமும் பல்சக்கரமும் போட்டோம். ரேக், பினியன் என்பார்களே, அது.

இனி நான் தலைகுனிந்த இடம். பினியனின் பல் விட்டம் 20 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகரும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். சுற்றளவுதானே, விட்டத்தை 22/7ஆல் பெருக்கு என்று அதிகாரமாகச் சொன்னேன். ஓட்டிப் பார்த்தால் 2440 வர வேண்டிய இடத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைகிறது. பெல்ட்டைப் பார்த்தோம், போல்ட்டைப் பார்த்தோம், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் அந்த மாணவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சார், அந்த 22/7 சரியான கணக்குதானா?"

சரியில்லை. அது தோராயம். 3.14 என்று போட்டிருந்தால் ஒன்றேகால் மில்லிமீட்டர் கூடியிருக்கும். 3.14159 போட்டதும் டேப்பில் அளவு சரியாக வந்தது. முப்பத்து நாலு வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்ட எனக்கு, அந்தத் தோராயம் எங்கே வந்து இடிக்கும் என்று தெரியாது. அவனுக்குத் தெரிந்தது.

இதே மாணவனைப் பற்றி அவன் அப்பாவிடம் அன்று நான் சொன்னது: "இவனுக்குப் படிப்பு ஏறாது, பட்டறைக்கு அனுப்புங்க." பட்டறை என்பதைத் தண்டனை மாதிரிச் சொன்னேன். அது என் தப்பு. இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது அவன் மகனை நீங்கள் அதே மாதிரி பேசுகிறீர்கள். "டிப்ளமோ முடிச்சுட்டு அப்பன் பட்டறையில கிடக்கிறான், எவன் பொண்ணு குடுப்பான்?" இது காதில் விழுந்து, பையன் சென்னையில் ஏதோ கம்பெனிக்கு ஒப்பந்த வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிறான். அவன் விரும்பிப் போனால் சந்தோஷம். உங்கள் வாய்க்குப் பயந்து போனால் அந்தப் பாவம் நம் எல்லோருக்கும்.

இந்த வகை இயந்திரத்துக்கு விதை போட்ட அமெரிக்கர் ஜான் பார்சன்ஸ், ஹெலிகாப்டர் இறக்கை செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். அங்கே வளைவுகளைத் துல்லியமாக வெட்ட வேண்டிய தேவையில்தான் யோசனை பிறந்தது. எம்.ஐ.டி. அதை இயந்திரமாக்கி 1952இல் ஓட்டிக்காட்டியது. தொழிற்சாலையும் கல்லூரியும் ஒன்றையொன்று கேவலமாக நினைக்காத இடத்தில்தான் இது நடந்தது. நம் ஊரில் இரண்டுக்கும் நடுவில் சுவர் கட்டியவர்களில் நானும் ஒருவன்.

உறவினருக்கு ஒரு வார்த்தை. மாப்பிள்ளை, கோபமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வாருங்கள். கையில் ஒரு டேப் கொண்டுவந்து அளந்து பாருங்கள். குறை இருந்தால் பையனிடமே சொல்லுங்கள், சரி செய்துவிடுவான். குறை இல்லை என்றால், அடுத்த பந்தியில் அதையும் நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களில் யாரையாவது அன்று நான் அப்படிச் சொல்லியிருந்தால் மன்னித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளிடம் நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்