குற்றவாளி நோயாளி அல்ல

பெருங்குடல் புற்றுநோய் குறித்து முதலாளித்துவ ஏடுகளின் வாழ்க்கைமுறைப் பக்கங்கள் ஒரே பல்லவியைத்தான் பாடுகின்றன. நோயாளி சரியாக உண்ணவில்லை, உடலைப் பேணவில்லை, ஆகவே நோய் வந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டார், வழக்கு முடிந்தது! ஆனால் இந்தத் தீர்ப்பை எழுதியது அறிவியல் அல்ல.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குடல்நோய் ஆய்வாளர் ஸ்டீபன் ஓ'கீஃப் தலைமையிலான குழு 2015இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ 65 பேரை இந்நோய் தாக்குகிறது. தென்னாப்பிரிக்கக் கிராமப்புறக் கறுப்பின மக்களிடையே அந்த எண்ணிக்கை 5க்கும் குறைவு. இரு தரப்பிலிருந்தும் 20 பேர் வீதம் தேர்ந்தெடுக்கப்பட்டு, இரண்டு வாரங்களுக்கு அவர்களது உணவு இடம் மாற்றப்பட்டது. பிட்ஸ்பர்க்வாசிகளுக்கு மக்காச்சோளமும் பயறும் காய்கறியும். குவாசுலு-நடால் கிராமத்தினருக்கு பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும்.

அமெரிக்கத் தரப்பினரின் அன்றாட நார்ச்சத்து சுமார் 14 கிராமிலிருந்து 55 கிராமாக உயர்ந்தது. குடல் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து உருவாக்கும் பியூட்டிரேட் என்ற அமிலம், குடல்சுவரின் உயிரணுக்களுக்கு உணவாகவும் காப்பாகவும் விளங்குகிறது. அது அமெரிக்கர்களிடம் இரண்டரை மடங்கு பெருகியது. ஆப்பிரிக்கர்களிடம் பாதியாகக் குறைந்தது. குடல் அழற்சியும் உயிரணுப் பெருக்கமும் முன்னவரிடம் தணிந்தன, பின்னவரிடம் கூடின. இரண்டு வாரங்களில் எவருக்கும் புற்றுநோய் வந்துவிடவில்லை. அளக்கப்பட்டவை அபாயத்தின் அறிகுறிகளே. எனினும் அவை இத்தனை விரைவில் மாறியதே ஆய்வுலகை வியக்க வைத்தது.

இந்த ஆய்வில் எவருடைய மரபணுவும் மாற்றப்படவில்லை. எவருக்கும் ஒழுக்கப் பாடம் நடத்தப்படவில்லை. தட்டில் விழுந்த உணவு மாறியது. அதை ஆய்வுக்குழுவே ஏற்பாடு செய்து கொடுத்தது. தட்டில் என்ன விழும் என்பதைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்வியை வாழ்க்கைமுறை உபதேசிகள் ஏன் தொடுவதே இல்லை? கூலியும் விலைவாசியும் வேலைநேரமும் அதைத் தீர்மானிக்கின்றன. பன்னிரண்டு மணிநேர வேலை முடித்துத் திரும்பும் தொழிலாளியின் கைக்கு எட்டுவது ஐந்து ரூபாய்ப் பொட்டலம்தான். மூலதனமோ நோயின் இரு முனைகளிலும் கடை விரிக்கிறது: ஒரு முனையில் நார்ச்சத்து உறிஞ்சப்பட்ட பண்டம், மறுமுனையில் 'குடல் நல' மாத்திரை.

இங்கே சைவத் திணிப்பாளர்கள் குறுக்கே வருவார்கள். பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புற்றுநோய்க் காரணியாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது உண்மை. சிவப்பு இறைச்சி 'காரணியாக இருக்கக்கூடும்' என்ற அடுத்த வகையில் வைக்கப்பட்டது. பள்ளிக் குழந்தையின் தட்டிலிருந்து முட்டையைப் பறிக்க அதில் எந்த நியாயமும் இல்லை. எண்ணெயும் உப்பும் ஊறிய சிப்ஸ் பொட்டலத்தின் மீதும் பச்சைப் புள்ளி பளிச்சென்று இருக்கிறது!

ஒன்றிய அரசின் நடவடிக்கைகள் எந்தத் தரப்புக்குச் சாதகமானவை? 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் தருகிறது. பருப்புக்கு அதில் உரிமை இல்லை. நார்ச்சத்து மிகுந்த சிறுதானியங்கள் அச்சட்டத்தில் இடம்பெற்றிருந்தும், 'ஸ்ரீ அன்னம்' என்று அவற்றுக்குப் பட்டம் சூட்டிய அரசு, ரேஷன் கடைகளை இன்றும் அரிசியாலும் கோதுமையாலுமே நிரப்புகிறது. மிகை உப்பு, சர்க்கரை, கொழுப்பு உள்ள பொட்டலங்களின் மீது சிலி நாடு 2016இல் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2022இல் முன்மொழிந்தது நட்சத்திரக் குறியீட்டை. சிறிது நார்ச்சத்தோ கொட்டையோ சேர்த்துவிட்டால், மிகைச் சர்க்கரைக்கான மதிப்பெண் இழப்பை ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பது அதன் சூட்சுமம். எச்சரிக்கை கேட்டவர்களுக்குக் கிடைத்தது நிறுவனங்களுக்கான பாராட்டுப் பத்திரம்.

நோய் வந்த பிறகாவது அரசு துணை நிற்கிறதா? 2016இல் வகுக்கப்பட்ட தேசியப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கானது. பெருங்குடல் அதில் இல்லை. மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனை எளியது, மலிவானது. பல நாடுகள் அதை அஞ்சலிலேயே வீட்டுக்கு அனுப்புகின்றன. இந்தியத் தொழிலாளி மூலம் என்று எண்ணி மாதக்கணக்கில் நாட்டு மருந்து தின்று, இரத்தம் நிற்காத நிலையில்தான் மருத்துவமனைக்குச் செல்கிறார். அங்கே அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "இத்தனை நாள் ஏன் வரவில்லை?"