பட்டறைப் பேச்சு: டேர்போ பூட்டலாமா?

சென்ற இதழில் கிளச் தகடு பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுத் தகப்பன் ஒருவர் எங்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். குடும்பம் இங்கிலாந்துக்கு வந்து மூன்று வருடம். மகனுக்கு இருபத்தொரு வயது, லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம். பழைய மஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்றை வாங்கிக் கழற்றி, அதன் எஞ்சினை வைத்து கிட் கார் கட்டிக்கொண்டிருக்கிறான். இப்போது அதற்கு டேர்போ பூட்டப் போகிறானாம். தடுப்பதா, கூட நிற்பதா என்று கேட்கிறார்.

கூட நில்லுங்கள் ஐயா. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு நில்லுங்கள். நாங்கள் நாலு பேர், ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவர்கள், ஒருவரும் கம்பஸ் வாசல் மிதித்ததில்லை. இதே 1.6 லீற்றர் எஞ்சினுக்கு வாடகைக் கராஜ் ஒன்றில் டேர்போ பூட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கையால் செய்து அறிந்ததைத்தான் எழுதுகிறோம்.

கிட் கார் என்றால் என்னவென்று பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். சிறு கொம்பனிகள் காரின் சட்டத்தையும் மேற்கூட்டையும் விற்கும். எஞ்சின், கியர்பொக்ஸ், அச்சு எல்லாம் பழைய கார் ஒன்றில் இருந்து எடுத்து நாங்களே பொருத்த வேண்டும். இந்த நாட்டில் இது பழைய பழக்கம். 1957 இல் வந்த லோட்டஸ் செவன் காரைக் கிட்டாக வாங்கினால் கொள்வனவு வரி இல்லை. 1973 இல் வற் வரி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

சாதாரண எஞ்சின் தானே மூச்சு இழுக்கும். பிஸ்டன் கீழே இறங்க, வெளிக்காற்று தன் அழுத்தத்தால் உள்ளே போகும். அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல். டேர்போவில் வெளியேறும் புகை ஒரு சிறு விசிறியைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். சுவிஸ் எஞ்சினியர் அல்பிரட் பூஹி 1905 இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். மேலதிகமாக 7 இறாத்தல் அமுக்கி, காற்றையும் குளிர்த்தி அனுப்பினால் கிட்டத்தட்ட அரைவாசிக் காற்று கூடப் போகும். அதற்கேற்ற பெற்றோலும் போனால் வலுவும் அந்தளவுக்குக் கூடும்.

இதுவரை மகனுக்கும் தெரிந்திருக்கும். பிரச்சினை இதற்குப் பிறகுதான்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். பெற்றோல் இல்லாமல் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஆட்களை நிறைய ஏற்றி அழுத்தி மிதித்தால், எஞ்சினுக்குள் யாரோ சிறு சுத்தியலால் தட்டுவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். அதுதான் நொக். பிளக் பற்றவைத்த தீ போய்ச் சேருவதற்கு முன்பே, மிச்சக் கலவை சூட்டிலும் அமுக்கத்திலும் தானாக வெடிக்கிறது. அந்தப் பழைய எஞ்சின்கள் கலவையை ஏழு மடங்கு அளவில்தான் அமுக்கும், அதனால் தாக்குப்பிடித்தன. மகனிடம் இருக்கும் மஸ்டா எஞ்சின் 9.4 மடங்கு அமுக்குகிறது. அதற்குள் ஏற்கெனவே அமுக்கிய காற்றைத் தள்ளினால், நல்ல பெற்றோலும் மண்ணெண்ணெய்போல நடந்துகொள்ளும். அப்போது சத்தத்தோடு நிற்காது. பிஸ்டனின் வளையம் இருக்கும் விளிம்பு உடைந்து போகும்.

பெரிய கொம்பனிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் கொம்பனி 1962 இல் ஜெட்பயர் என்ற டேர்போ காரை விட்டது. 10.25 மடங்கு அமுக்கத்தைக் குறைக்காமல், நொக்கைத் தடுக்க வடித்த தண்ணீரும் மெதனோலும் கலந்த திரவத்தைத் தெளிக்க ஏற்பாடு செய்தார்கள். சொந்தக்காரர்கள் அந்தப் போத்தலை நிரப்ப மறந்தார்கள். கடைசியில், 1965 இல், டேர்போவைக் கழற்றிவிட்டு வழமையான காபரேற்றர் பூட்டிக் கொடுக்கும் நிலைக்கு அந்தக் கொம்பனி வந்தது. மஸ்டா கொம்பனி தன்னுடைய 323 காருக்கு இதே குடும்பத்து 1.6 எஞ்சினை டேர்போவோடு செய்தபோது அமுக்கத்தை எட்டு மடங்குக்கும் கீழே இறக்கியது. செய்தவனுக்கு அந்தப் பயம் இருந்திருக்கிறது.

அப்படியென்றால் எஞ்சினைப் பிரித்து வேறு பிஸ்டன் போட வேண்டுமா? அழுத்தத்தை 6 இறாத்தலுக்கு மேல் விடாவிட்டால் தேவையில்லை என்பது எங்கள் அனுபவம். எங்களுடைய எஞ்சின் 150 குதிரை வலுவுக்குச் சற்று மேலே தருகிறது. டேர்போ இல்லாமல் அது 115 அளவில் இருந்தது. கிட் கார் முழு மஸ்டாவைவிட இருநூறு கிலோவுக்கு மேல் எடை குறைந்தது. வேறென்ன வேண்டும்? 10 இறாத்தல், 12 இறாத்தல் என்று மகன் சொன்னால் அங்கே மறித்துக் கேளுங்கள்.

முதலில் அவன் காசு செலவழிக்க வேண்டியது டேர்போவுக்கு அல்ல, பெற்றோலையும் பொறியையும் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டிக்கு. மஸ்டாவின் பெட்டிக்கு டேர்போ என்றொன்று இருப்பதே தெரியாது. காற்று கூடும்போது அது போதிய பெற்றோல் கொடுக்காது, பொறியையும் பின்தள்ளாது. ஆகவே வேறு பெட்டி வேண்டும், பெரிய இஞ்செக்டர்கள் வேண்டும், புகையில் உள்ள ஒட்சிசனை அளக்கும் அகலவீச்சு லம்டா மானியும் வேண்டும். சாதாரணமாக ஒரு கிலோ பெற்றோலுக்கு 14.7 கிலோ காற்று. டேர்போ அமுக்கும் நேரத்தில் அது 12க்குக் கிட்ட இருக்க வேண்டும். மானி 14 காட்டும்போது காலை எடுக்காமல் மிதித்தால் பிஸ்டன் போய்விடும். நாங்கள் மெகாஸ்குவேர்ட் என்ற பெட்டியைத் துண்டு துண்டாக வாங்கி நாங்களே ஈயம் பற்றவைத்தோம். பிறகு றோலிங் றோட்டில் ஏற்றி, தெரிந்தவரைக் கொண்டு சரிசெய்தோம். அந்தக் கூலியில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடி சுடுகிறது அல்லவா? டேர்போவிலும் அப்படித்தான். 20 பாகையில் இழுத்த காற்று வெளியே வரும்போது 60, 70 பாகைக்குப் போய்விடும். சூட்டுக் காற்று நொக்கை வா என்று கூப்பிடும். ஆகவே முன்னால் ஒரு இன்ரகூலர். இதில் விவாதம் இல்லை.

ஒயில் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் கவனிக்காதது இதுதான். டேர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் மட்டுமே. ஒயில் உள்ளே போவதற்கு எஞ்சினின் ஒயில் அழுத்த சுவிச் இருக்கும் இடத்தில் இருந்து சிறு குழாய் எடுக்கலாம். வெளியே வருவதுதான் சிக்கல். திரும்பும் ஒயிலைத் தள்ள ஒன்றும் இல்லை, அது தன் பாரத்தில் வடிய வேண்டும். குழாய் தடிப்பாக, வளைந்து மேலேறாமல், சம்பில் நிற்கும் ஒயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். அதற்குச் சம்பில் துளை போட வேண்டும். துளையிடும் அலகில் கிறீஸ் பூசினால் சீவல் உள்ளே விழாது என்று சிலர் சம்பைக் கழற்றாமலே துளைப்பார்கள். நாள் முழுக்க உலோகம் துளைப்பது எங்கள் பிழைப்பு. சீவல் எங்கெல்லாம் போகும் என்று எங்களுக்குத் தெரியும். சம்பைக் கழற்றுங்கள்.

சூட்டையும் யோசிக்க வேண்டும். இந்த எஞ்சினில் புகை வெளிவருவது இடப்பக்கம். இந்த நாட்டில் ஸ்ரியரிங் தண்டும் பிரேக் சிலிண்டரும் இருப்பது அதற்கு மறுபக்கம். டேர்போவின் புகைப் பகுதி சிவக்கச் சுடும் சாமான். பக்கத்தில் பெற்றோல் குழாய் போகக்கூடாது. பிரேக் குழாய்க்கும் பைபர்கிளாஸ் பொனெற்றுக்கும் தகட்டு மறைப்பு வேண்டும். டேர்போவைத் தாங்கும் நட்டுகள் சூட்டில் தளரும், முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்க்க வேண்டும்.

இப்போது தகப்பனுக்கு மட்டும் ஒரு விஷயம். கிட் கார் றோட்டுக்கு வரமுன் ஐ.வி.ஏ. என்ற தனிச் சோதனையில் தேற வேண்டும். டேர்போ இல்லாமல் கட்டி, சோதனை முடித்து, இலக்கத் தகடு வாங்கி, சில மாதம் ஓடட்டும். பிரேக்கில், வயரிங்கில் உள்ள கோளாறுகள் அப்போது வெளியே வரும். டேர்போ பூட்டும் நாளுக்கு முன்பே இன்சூரன்ஸ்காரருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். கிட் கார்களுக்கென்றே இன்சூரன்ஸ் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். சொல்லாமல் பூட்டினால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் செல்லாது என்று அவர்கள் சொல்ல இடமுண்டு. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடிப் பிடிபட்டால் 300 பவுண் தண்டமும் 6 புள்ளியும். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி வந்தால் லைசென்சே ரத்து. எழுத்துச் சோதனையில் இருந்து திரும்பத் தொடங்க வேண்டும். எங்களைப்போல் பஸ் இல்லாத நேரத்தில் இரவு ஷிப்டுக்குப் போகிறவனுக்கு அது வேலை போனதற்குச் சமம். உங்கள் வீட்டில் அந்த ஒருவனின் சம்பளத்தில்தான் வாடகை கட்டுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதைத் திருப்பிச் சொல்கிறோம்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்ப வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, இஞ்செக்டர் வயர்களையும் பொறிக்கான வயரையும் இழுத்துவிட்டு, ஸ்ராட்டரால் மட்டும் எஞ்சினைச் சுற்றுங்கள். டேர்போவின் அடிக்குழாயைச் சம்பில் மாட்டாமல் ஒரு தகரப் பேணிக்குள் விட்டு வையுங்கள். நீங்கள் கீழே குந்தியிருந்து பேணியைப் பாருங்கள், மகன் சாவியைத் திருப்பட்டும். பேணிக்குள் ஒயில் விழத் தொடங்கிய பிறகு குழாயை மாட்டி, பிளக்கைப் பூட்டலாம்.