குரவைக்குப் பின் மௌனம்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஒரு பெண்பிள்ளை பருவமடைந்தால் அது ஊரறிந்த செய்தி. குரவை ஒலிக்கிறது, பந்தல் எழுகிறது, ஒலிபெருக்கி முழங்குகிறது. ஈராண்டு கழித்து அதே பிள்ளைக்கு மாதவிடாய் நான்கு மாதமாக வராது நின்றுவிட்டால்? “வெளியில் சொல்லாதே” என்கிறாள் தாய். “கலியாணம் கட்டினால் எல்லாம் சரிவரும்” என்கிறாள் பெரியம்மா. வந்த உதிரத்தை ஊருக்கு அறிவித்த சமுதாயம், வராத உதிரத்தை வைத்தியருக்குச் சொல்லவும் நாணுகிறது. இந்த நாணத்தைப் பண்பாடு என்று போற்றுவோரை நோக்கியே இதனை எழுதுகிறோம்.

நீர்க்கட்டி என்று மக்கள் பேசும் பி.சி.ஓ.எஸ். நோய் எவருடைய சாபமுமன்று. 1935 இல் சிக்காகோ வைத்தியர்களான ஸ்ரைனும் லெவென்தாலும் ஏழு பெண்களிடம் அதனைக் கண்டு எழுதினர். பெயரிலேதான் கட்டி உண்டு. சூலகத்தில் இருப்பவை முதிராது நின்றுவிட்ட சிறு முட்டைப்பைகளே. பலரது உடலில் இன்சுலின் செவ்வனே வேலை செய்யாமையால் அது மிகையாகச் சுரக்கிறது. அம்மிகுதி சூலகத்தைத் தூண்ட, ஆண்தன்மை ஓமோன் பெருகுகிறது. மாதவிடாய் தவறுவதும், முகத்தில் உரோமம் வளர்வதும், பரு மலிவதும் இதனாலேயே. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. மெலிந்தவரையும் இந்நோய் விடுவதில்லை. கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுவரையான பெண்களிடையே நடந்து 2008 இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு 6.3 பேரிடம் இதனைக் கண்டது. அக்கணக்கின்படி நாற்பது மாணவியர் அமர்ந்த உயர்தர வகுப்பில் இருவரோ மூவரோ இருப்பர். நோயுற்றோரில் 70 சதவீதம் வரையானோர் அதனை அறியாதிருக்கின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அறியாதிருப்பது யார் குற்றம்? சுகாதார ஆசிரியர் வராத ஒரு நாளில் அவ்வகுப்புக்குச் சென்ற தமிழாசிரியராகிய நாமும், இனப்பெருக்கம் பற்றிய பக்கங்கள் வந்ததும் “வீட்டில் வாசியுங்கள்” என்று தாளைப் புரட்டியவர்களே. பின்வரிசையில் ஒருத்தி ஏதோ கேட்க எழுந்து, மீண்டும் அமர்ந்தாள். அவள் கேட்காது விட்ட கேள்விக்கு நாமே பொறுப்பு.

கலியாணம் மருந்தன்று. மருந்தென நம்பிக் கட்டிவைத்த பெண் ஓராண்டில் கருவுறாவிடின், தாய்வீட்டார் கட்டிக்கொடுத்த சீதன வீட்டின் முற்றத்திலேயே ‘மலடி’ என்ற சொல்லைக் கேட்கிறாள். குழந்தையின்மையில் ஆணுக்கும் பெரும்பங்கு உண்டென்ற உண்மையை எவரும் உரைப்பதில்லை; மாப்பிள்ளையைச் சோதிக்க எவரும் அழைப்பதுமில்லை. உண்மையிலோ, இந்நோயுற்ற பெண்களிற் பெரும்பாலோர் தக்க சிகிச்சையால் தாயாகலாம். பிள்ளைப்பேறு மட்டுமே இங்கு பேச்சன்று. கவனியாது விட்டால் நீரிழிவும், கருப்பை உட்சவ்வில் புற்றுநோயும் நேரும் வாய்ப்பு மிகுகிறது.

உடற்பருமன் உள்ளவர்கள் நிறையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீர்படுகிறது. ஆகவே, “நட, சோற்றைக் குறை, கீரையும் மீனும் உண்” என்கிறார் வைத்தியர். நல்ல சொல்லே. ஆனால் அவள் எங்கே நடப்பது? மாலையில் வாவிக்கரையில் நடந்தால் மதகில் இருப்போர் சீட்டியடிக்கின்றனர். அண்ணன் படலையை மூடுகிறான். கூலிவேலை செய்யும் வீட்டில் வயிற்றை நிரப்புவது சோறுதானே? பெண்ணின் காலைக் கட்டிவிட்டு, அவள் உடல் பருத்தாள் என்று ஏசுவது எந்த நீதி? இதற்கிடையில் “ஒரே மாதத்தில் கட்டி கரையும்” என்று பொடி விற்போர் அந்த மௌனத்தையே முதலாக வைத்து இலாபம் காண்கின்றனர்.

பூப்படைந்த முதலாண்டில் மாதவிடாய் முன்பின்னாவது இயல்பே. அதன் பின்னர் தொண்ணூறு நாள் வராதிருந்தால், பிள்ளையை அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள், அங்கே கட்டணமில்லை. ஓமோன் மாத்திரையோ மெற்போமினோ வேண்டுமா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். சடங்குக்குக் கடன்பட அஞ்சாத நாம், படுவான்கரையிலிருந்து நகருக்கு வரும் பஸ் செலவுக்கு அஞ்சலாமா? ஆசிரியர்களே, புரட்டிய தாளைத் திரும்பப் புரட்டுங்கள். பின்வரிசைப் பிள்ளை இன்னும் அங்கேதான் அமர்ந்திருக்கிறாள்.