பால் வாளியும் பிள்ளைத்தாய்ச்சியும்

"அடிவயிறு கனக்கிறது, ஏதோ கீழே இறங்குவதுபோல் இருக்கிறது" என்று கருவுற்ற பெண்ணொருத்தி சொன்னால், நம் லயங்களில் அவளுக்குக் கிடைக்கும் பதில் என்ன? "பிள்ளைத்தாய்ச்சி என்றால் அப்படித்தான்" என்பதே. அவளும் வெட்கத்தால் வாய் மூடுகிறாள். மறுநாள் விடியுமுன் கத்தியும் வாளியுமாக வெட்டுக்குப் போகிறாள். இந்த மௌனத்தைக் கலைப்பது சங்கத்தின் கடமை என்று நாம் கருதுகிறோம்.

இதற்குக் கருப்பை இறக்கம் என்று பெயர். கருப்பையைத் தாங்கும் இடுப்புத் தசைகளும் நார்களும் தளர்ந்து, அது கீழே சரிகிறது. பல பிள்ளைகள் பெற்றவர்கள், பாரம் தூக்குகிறவர்கள், தீராத இருமலும் மலச்சிக்கலும் உள்ளவர்கள் இதற்கு எளிதில் ஆளாகிறார்கள். கர்ப்ப காலத்தில் இது அபூர்வமே. ஆயினும் அலட்சியம் செய்யலாகாது. சிறுநீர் அடைபடலாம், வெளியே வந்த பாகம் உராய்ந்து புண்ணாகலாம், குறைமாதத்தில் வலி கண்டுவிடலாம், பிரசவ வேளையில் கருப்பையின் வாய் வீங்கிப் பிள்ளைக்குத் தடையாகலாம்.

இதற்குப் பரிகாரம் உண்டு. கர்ப்ப காலத்தில் பெரும்பாலும் கத்தி வைப்பதில்லை. டாக்டர் உள்ளே ஒரு வளையத்தைப் பொருத்திக் கருப்பையைத் தாங்கச் செய்வார். இடுப்புத் தசைக்குப் பயிற்சி சொல்லித் தருவார். படுத்து ஓய்வெடுக்கச் சொல்வார். வீட்டில் வயிற்றைப் பிடித்துவிடுவதும், பலவந்தமாக உள்ளே தள்ளுவதும் ஆபத்து. சிறுநீர் நின்றாலும், உதிரம் பட்டாலும், நீர்க்குடம் உடைந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பிரசவமும் அங்கேதான் நடக்கவேண்டும்.

"பாரம் தூக்காதே" என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். பால்வெட்டும் பெண் என்ன செய்வாள்? ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய ஒரு கிலோ. வாளிக்குப் பத்து லிட்டர் என்றாலும், இரண்டு வாளிக்கு 20 கிலோ. அதைச் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கினால்தான் நிறை. நிறை இருந்தால்தான் கூலி.

சட்டம் என்ன சொல்கிறது? 2023 ஜனவரி முதல் தீபகற்ப மலேசியாவில் பேறுகால விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. கர்ப்பிணியை அவள் கருவுற்ற காரணத்துக்காக வேலை நீக்கவும் தடை வந்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் அந்த விடுமுறை பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பு தொடங்காது. ஆறாம் மாதத்தில் கருப்பை இறங்கியவள் எதை நம்புவாள்? ஆஸ்பத்திரியில் சேரத் தேவையில்லாதபோது, சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்போ சர்வீசுக்குத் தக்கபடி வருஷத்துக்கு 14 முதல் 22 நாள்தான். ஐந்து பிள்ளைகள் உயிரோடு இருந்தால் பேறுகாலப் படியும் கிடையாது. அதிகம் தளர்ந்தவளுக்கே ஆதரவு குறைகிறது!

ஆகவே நாம் கேட்பது இது: டாக்டரின் சீட்டுக் கொண்டுவரும் கர்ப்பிணிக்குப் பழைய சராசரிக் கூலி குறையாமல் இலேசான வேலை தரவேண்டும், பால் சுமக்க மாற்றாள் விடவேண்டும். கூட்டு ஒப்பந்தத்தில் இது எழுத்தில் ஏறவேண்டும். அந்தப் படிவிதியும் மாறவேண்டும்.

கிராணிமாரே, அந்தச் சீட்டு உங்கள் மேஜைக்கு வந்தால் அன்றே நிர்வாகத்திடம் சேருங்கள். ஆண் தோழர்களே, ஒப்பந்தம் வரும்வரை காத்திராதீர்கள். நாளைக் காலையே அவள் வாளியை நீங்கள் தூக்குங்கள். சகோதரிகளே, இது வெட்கப்படும் நோயல்ல, உழைப்பால் வந்த தளர்ச்சி. வாய் திறந்து சொல்லுங்கள். சங்கம் உங்கள் பக்கம் நிற்கும்.